விரிசலைக் கண்டவர் யார்?

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27ஆம் நாள் காலை, வாரியக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து மண்மேடாயிற்று. 24 வீடுகள்! அடுப்பும் சட்டியும், பிள்ளைகளின் புத்தகப் பையும், சீட்டுக் கட்டிச் சேர்த்த சாமான்களும் இடிபாட்டுக்குள் போயின. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. எப்படிப் பிழைத்தனர்? சுவரிலே விரிசல் பெருகுவதைக் குடியிருந்தவர்களே கண்டனர். கண்டவுடன் வெளியேறினர். அவ்வளவுதான்!

எழுதப் படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவருமான அந்த மக்களின் கண்தான் அன்று ஆய்வுக் கருவியாக இருந்தது. பின்னர் அமைச்சர்கள் வந்தனர். குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாயும் மாற்று வீடும் அறிவிக்கப்பட்டன. வந்ததைக் குறை சொல்லவில்லை. இடிந்த பிறகு வரத் தெரிந்த அரசாங்கத்துக்கு இடியுமுன் வரத் தெரிய வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

ஊருக்குப் பழைமை உண்டு; கட்டடத்துக்கு அவ்வளவு வயதில்லை. அந்தக் கட்டடம் முப்பது ஆண்டைக்கூடக் காணவில்லை. மும்பையிலே ஒரு சட்டம் இருக்கிறது: முப்பது ஆண்டு கடந்த கட்டடத்தின் உறுதியைப் பொறியாளர் சோதித்துச் சான்று தரவேண்டும். நல்ல சட்டந்தான். ஆனால் அதே சட்டம் இங்கே இருந்திருந்தாலும் அரிவாக்குளத்துக்கு உதவியிருக்காது! பஞ்சாங்கம் பார்த்துக் கட்டடம் விழுவதில்லை, தோழர்களே.

பின் எதனால் விழுகிறது? வடசென்னைத் தொழிலாளி வீட்டைக் கெடுப்பது முதலில் உப்புக் காற்று. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உப்பு தொட்டுவிட்டால் துரு ஏறுகிறது. துரு பிடித்த இரும்பு பருக்கிறது. பருத்த கம்பி தன்மேல் மூடியிருக்கும் காரையை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. கூரையிலிருந்து பாளம் பாளமாக விழுகிறதே, அது இதுதான். கடற்காற்று நேரே படுகிற கான்கிரீட்டில் கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டுமென்று இந்தியத் தர விதி கூறுகிறது. கையளவு பெயர்ந்த இடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். எத்தனை இடத்தில் அது இருக்கிறது என்று தெரியும். அடுத்தது, கழிவறைக் குழாய்க் கசிவு. மேல்வீட்டுக் குழாய் ஒழுகினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்குப் போவார். இருவரும் சேர்ந்து சண்டை போட வேண்டியது யாரோடு என்பதை மறந்துவிடுகிறார்கள். சுவரில் முளைத்த அரசங்கன்று இன்னொன்று. இலையை ஒடித்துவிட்டுப் போகிறோம், வேர் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

பழைய கட்டடம் மட்டுமா? புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குவீடுகளில் 2021லே கைபட்டால் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. ஆகவே சோதனை என்பது கிழட்டுக் கட்டடத்துக்கு மட்டும் உரிய மருந்தன்று. ஒப்பந்தக்காரர் கலவை போடும் நாளிலேயே அது தொடங்க வேண்டும்.

சோதித்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. பணத்துக்குப் பஞ்சமில்லாத அமெரிக்காவின் புளோரிடாவில், சர்ப்சைடு என்னும் கடலோர ஊரில், 2021 ஜூன் 24ஆம் நாள் பன்னிரண்டு மாடிக் கட்டடம் நள்ளிரவில் விழுந்தது. 98 பேர் மாண்டனர். அங்கே நாற்பதாம் ஆண்டில் மறுசான்று வாங்கும் விதி இருந்தது. பொறியாளர் 2018லேயே கான்கிரீட் கெட்டிருப்பதை எழுதிக் கொடுத்திருந்தார். அறிக்கை இருந்தது, செலவை யார் ஏற்பது, எப்போது தொடங்குவது என்ற பேச்சிலே ஆண்டுகள் ஓடின. காகிதம் முட்டுக்கொடுத்துக் கட்டடம் நிற்குமா?

இனி, எல்லோரும் அறிந்தும் மேடையில் பேசத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறோம். ஆய்வுக்கு ஆள் வந்தால் நம் மக்களே கதவைச் சாத்துகிறார்கள். விரிசலுக்குச் சுண்ணாம்பு அடித்து மறைக்கிறார்கள். அறியாமையா? இல்லை, அனுபவம். “கட்டடம் பழுது” என்று எழுதிவிட்டால் அடுத்த நாள் பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ மூட்டை கட்டச் சொல்வார்கள் என்ற அச்சம். எண்ணூரிலோ துறைமுகத்திலோ வேலை. வீடு நகரின் மறுகோடியில் என்றால், விடியற்காலை ஷிப்டுக்கு ஒருவன் எத்தனை மணிக்கு எழுவது? வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பேருந்துக்கே கூலியில் பாதியைக் கொடுப்பதா? இடிந்து விழக்கூடிய கூரையா, பிழைப்பு இல்லாத கூரையா என்று ஏழையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஆட்சியா?

எனவே நமது கோரிக்கை வெறும் “ஆய்வு செய்” என்பதன்று. ஆய்வுத் தாளோடு இன்னொரு தாளும் வரவேண்டும். அதே இடத்தில் வீடு, இன்னாருக்கு இத்தனையாவது எண், இத்தனை மாதத்துக்குள், இடைக்காலத்தில் அந்த வட்டாரத்திலேயே வாடகைக்கு இருக்கப் போதுமான தொகை, திரும்பி வரும்போது பங்குத்தொகை என்று கழுத்தில் கத்தி வைக்காத உறுதி: இவ்வளவும் கையெழுத்தோடு. அந்தத் தாள் வந்தால் கதவைச் சாத்துகிற மக்களே பொறியாளருக்கு நாற்காலி போடுவார்கள்.

அதிகாரிகள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: “குடியிருப்போர்தான் சுவரை இடித்து அறையை நீட்டினார்கள், கடை வைத்தார்கள்.” சில இடங்களில் உண்மை. பத்துக்குப் பதினைந்தில் மூன்று தலைமுறையை அடைத்துவைத்தால் அறை நீளத்தான் செய்யும். ஆனாலும் தூணைக் கொத்துவதும் உத்தரத்தைக் குடைவதும் தன் தலையிலும் அண்டை வீட்டார் தலையிலும் கல்லைப் போடுவதாகும். கிளைத் தோழர்கள் தயவு பாராமல் இதைத் தடுக்க வேண்டும், செய்கிறவர் நம்மவராயிருந்தால் முதலில்.

கிளைத் தோழர்கள் மழைக்கு முன்னே தத்தம் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கட்டும். கையில் பென்சில், நோட்டு, ஒரு சிறு சுத்தி போதும். கூரையை மெல்லத் தட்டுங்கள். வெற்றுப் பானை போல் ஒலித்தால் உள்ளே காரை விட்டுப்போயிற்று என்று பொருள். பழுப்புக் கறை கண்டால் அங்கே கம்பி துருப்பிடித்திருக்கலாம். பூச்சில் மயிரிழை போல் ஓடும் வெடிப்புக்கு அஞ்ச வேண்டாம். தூணிலும் உத்தரத்திலும் காணும் விரிசலும், சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலும் வேறு. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. நேற்றுவரை சாத்திய கதவு இன்று திடீரென்று சிக்கினால், விரிசல் கண்ணெதிரே வளர்ந்தால், மனு எழுத உட்காராதீர்கள். முதலில் எல்லோரையும் கீழே இறக்குங்கள்.

மற்ற வீடுகளுக்கு மனு எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. இந்தக் கட்டடம் கடைசியாக எந்த நாளில் சோதிக்கப்பட்டது, அறிக்கையின் நகல் எங்கே, செப்பனிட எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவிட்டீர்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும். உயிர் தொடர்பான தகவலானால் 48 மணி நேரத்தில் தரவேண்டுமென்று அதே சட்டம் சொல்கிறது. தலைக்குமேல் பெயரும் கூரை உயிர் தொடர்பானதா இல்லையா என்பதை வாரியமே எழுத்தில் சொல்லட்டும். மனுவின் நகலையும் பதிலையும் குடியிருப்பின் படிக்கட்டடியில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். பதில் வராத இடங்களின் பட்டியலை நமக்கு அனுப்புங்கள், வட்டாரம் வட்டாரமாக இதே பத்தியில் வெளியிடுவோம்.