சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பி.காம். படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை, விடிய விடியத் தேடியும் அந்த 340 ரூபாய் எங்கே போச்சு என்று தெரியவில்லை என்றால், வித்தியாசத்தைத் தூக்கி அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். தற்காலிக ஏற்பாடுதான். சோம்பேறி அக்கவுண்டன்ட் கையில் அது நிரந்தரமாகிவிடும்.

ஸ்டூடன்ட் எக்ஸ்சேஞ்ச் நடத்துகிற அமைப்புகளும் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அதன் பெயர் ‘கல்ச்சர் ஷாக்’.

விஷயம் தெரியாதவர்களுக்காக: பதினைந்திலிருந்து பதினெட்டரை வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் ஜே-1 விசாவில் அமெரிக்கா போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, ஒரு கல்வியாண்டு அந்த ஊர் ஹைஸ்கூலில் படிக்கலாம். ஜெர்மனி, ஜப்பான், பிரேசில் என்று பல தேசத்துப் பிள்ளைகள் போகிறார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002-இல் அமெரிக்க அரசே ‘யெஸ்’ என்று ஒரு ஸ்காலர்ஷிப் திட்டம் ஆரம்பித்தது. அதில் நம் நாட்டுப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். பிரோஷரில் மஞ்சள் பஸ், வெள்ளிக்கிழமை ஃபுட்பால் மேட்ச், கட்டிப்பிடித்துச் சிரிக்கும் ‘அமெரிக்கன் மாம்’. எல்லாம் நிஜம்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் பிரோஷரில் வராது.

பள்ளிக்கூடம் மூன்று மணி வாக்கில் விட்டுவிடும். அப்புறம்? சின்ன ஊர், பஸ் கிடையாது. எக்ஸ்சேஞ்ச் பிள்ளை கார் ஓட்டக் கூடாது என்பது பெரும்பாலான அமைப்புகளின் சட்டம். ஷாம்பு தீர்ந்துபோனால் நம் ஊர்ப் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்துவிடும். அங்கே அது ஒரு விண்ணப்பம். “ஒரு ரைடு கிடைக்குமா?” லைப்ரரிக்கு ஒரு விண்ணப்பம், சிநேகிதி வீட்டுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு வருஷம் பூராவும் இன்னொருத்தர் தயவில் நகர்கிற வாழ்க்கை.

ஆறு மணிக்கெல்லாம் ராத்திரி சாப்பாடு. “இன்னும் கொஞ்சம்?” “வேண்டாம்.” நம் வழக்கப்படி முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வோம், இரண்டாம் தடவை ‘சும்மா வெச்சுக்கோ’ என்று தட்டில் விழும். அங்கே இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். பிள்ளை அரைப் பட்டினியோடு படுக்கும்.

இது கல்ச்சர் ஷாக். ஒத்துக்கொள்கிறேன். நாலு நாளில் “யெஸ், ப்ளீஸ்” சொல்லப் பழகிவிடும். ஆனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதே என்பது கலாசாரம் இல்லை, கஞ்சத்தனம். ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும் அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது கலாசாரம் இல்லை, சம்பளமில்லாத ஆயா வேலை. கதவைத் தட்டாமல் பெண் பிள்ளை அறைக்குள் வருவது எந்த தேசத்துக் கலாசாரமும் இல்லை. நான்கையும் ஒரே கணக்கில் எழுதி, “மூணு மாசத்துல சரியாயிடும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று அனுப்புகிறார்களே, அதைத்தான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்கிறேன்.

இதற்கு ஒரு கிராஃப் வேறு காட்டுவார்கள். முதலில் தேன்நிலவு, பிறகு பள்ளம், பிறகு ஏற்றம். ‘கல்ச்சர் ஷாக்’ என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர். 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் கிளப்பில் பேசிய பேச்சு அது. அந்தப் பள்ளம்-மேடு கோட்டுக்கு மூலம், 1955-இல் லிஸ்கார்ட் என்பவர் வெளியிட்ட ஆய்வு. ஃபுல்பிரைட் உதவியில் அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்களைப் பற்றியது. இரண்டு இடத்திலும் பேச்சு, பெரியவர்களைப் பற்றி. பிடிக்காவிட்டால் வீடு மாற்றிக்கொள்ளக் கூடியவர்களைப் பற்றி. 1998-இல் கொலீன் வார்டும் அவர் குழுவினரும் நியூஸிலாந்து போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். போய் இறங்கிய நேரத்தில்தான் கஷ்டம் உச்சம். தேன்நிலவையே காணோம்!

புரியாமைதான் பிரச்னை என்று சொல்லிவிட்டால் பழி பிள்ளைமேல் விழுந்துவிடும், கவனித்தீர்களா? 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய எக்ஸ்சேஞ்ச் மாணவன், ஹாலோவீன் பார்ட்டிக்குக் கிளம்பி வீடு மாறிப் போய்விட்டான். அந்த வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி ‘ஃப்ரீஸ்’ என்றார். அசையாதே என்று அர்த்தம். பையன் நகர்ந்தான், சுட்டார். உடனே எல்லோரும் பேசியது, அந்த இங்கிலீஷ் வார்த்தை அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்பதை. 1993-இல் கிரிமினல் வழக்கில் சுட்டவர் விடுதலை. பிறகு சிவில் கோர்ட்தான் அவர் 6,50,000 டாலருக்குமேல் தர வேண்டும் என்றது. பையனின் பெற்றோர் இதை இங்கிலீஷ் பிரச்னையாகப் பார்க்கவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஜப்பானில் பதினேழு லட்சம் கையெழுத்து வாங்கி கிளின்டனைப் போய்ப் பார்த்தார்கள். அவனை வைத்திருந்த அமெரிக்கக் குடும்பமும் அவர்களோடு நின்றது.

அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு என் கும்பிடு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதிகபட்சம் மாதம் 50 டாலர் வரிக்கழிவு, அவ்வளவுதான். ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லாத பிள்ளையின் அப்பா கட்டுகிற கட்டணம் அமைப்புக்குப் போகிறது. வீடு பிடித்துக் கொடுப்பவர் உள்ளூர் கோஆர்டினேட்டர். பல அமைப்புகளில் அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. பிள்ளை புகார் சொல்ல வேண்டியதும் அவரிடமே. கேஷியரையே ஆடிட்டராகப் போட்டால் கணக்கு எப்படி இருக்கும்?

2009-இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் அது வெளியே வந்தது. எக்ஸ்சேஞ்ச் பிள்ளைகள் மோசமான வீடுகளில், ஒழுங்கான சாப்பாடில்லாமல் இருந்தது தெரிந்து நாறியது. அடுத்த வருஷம் விதிகளை இறுக்கினார்கள். படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பிள்ளைக்குத் தனிக் கட்டில் தர வேண்டுமாம். அது மடக்கி சோபாவாக்குகிற கட்டிலாகவோ காற்றடிக்கிற மெத்தையாகவோ இருக்கக் கூடாதாம். ஒரு வல்லரசு இதை உட்கார்ந்து எழுதியிருக்கிறது என்றால், எத்தனை பிள்ளைகள் காற்று மெத்தையில் படுத்திருக்கும்?

பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. அனுப்புங்கள். ஓரியன்டேஷன் மீட்டிங்கில் ஸ்கூலின் ரேங்க் என்ன, வருகிற வருஷம் வீணாகுமா என்று கேட்கிற நேரத்தில் வேறு ஒன்றைக் கேளுங்கள். அந்த வீடு சரியில்லை என்று என் பெண் சொன்னால் எத்தனை நாளில் மாற்றுவீர்கள்? கோஆர்டினேட்டரைத் தாண்டி ராத்திரி பதினோரு மணிக்கு அவள் யாருக்குப் போன் பண்ண வேண்டும்? எழுதிக் கொடுங்கள்.

“அதெல்லாம் போகப்போக அட்ஜஸ்ட் ஆயிடுவாங்க சார்” என்று பதில் வந்தால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.