தொடாத கை எப்படி நோயறியும்?

"மாசமா இருந்தா வவுறு வலிக்கத்தான் செய்யும், போம்மா." அரசு ஆஸ்பத்திரி வாசலில் இந்த வரியைக் கேட்டுக் கேட்டு நம் பெண்களுக்குக் காது புளித்துப் போய்விட்டது. இதில் கொஞ்சம் மருத்துவம் இருக்கிறது, நிறையச் சாதி இருக்கிறது. மருத்துவத்தைக் காட்டிச் சாதி தப்பித்துக்கொள்வதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கர்ப்பிணிக்குக் குடல்வால் அழற்சி வந்தால் கண்டுபிடிப்பது சிரமந்தான், ஒத்துக்கொள்கிறேன். குமட்டல், வாந்தி எல்லாம் மாசமானவளுக்கு வழக்கமாக இருப்பவை. மற்றவர்களுக்கு வெள்ளையணு கூடினால் சந்தேகப்படலாம். கர்ப்பிணிக்கோ நோயில்லாமலேயே 15,000 வரை ஏறும். கருப்பை வளர வளரக் குடல்வால் மேலே தள்ளப்படும் என்று 1932இல் அமெரிக்காவில் எக்ஸ்ரே எடுத்துச் சொன்னார்கள். பிந்தைய ஆய்வுகளோ பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கும் வலது அடிவயிற்றில்தான் வலி என்கின்றன. ஆக, கை வைத்து அமுக்கிப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கை வைத்தால்தானே!

என் சித்தி மகள் ஐந்து மாசம். நடவுக்குப் போன இடத்தில் வலி வந்தது. ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "எந்தத் தெரு?" மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே வாயு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் குடல்வால் வெடித்தது. வேறு ஊருக்குக் கொண்டுபோய் அறுவை செய்தோம். அவள் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. "ஒரு தடவகூட வவுத்தத் தொட்டுப் பாக்கலக்கா" என்றாள்.

இந்த நோயில் சாவு வருவது தாமதத்தால்தான் என்று பாப்ளர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908இலேயே எழுதிவிட்டார். வெடிக்கும் முன் அறுத்தால் நூற்றுக்குச் சில கருக்களே கலைகின்றன. வெடித்துவிட்டால் இருபதுக்கும் மேல். மாத்திரை கொடுத்து அனுப்பிய அந்த இரண்டு நாளின் விலை இது.

"கூட்டம் அதிகம், டாக்டர் குறைவு, இது வர்க்கப் பிரச்சினை" என்பார்கள் சில தோழர்கள். கூட்டம் உண்மைதான். கூட்டத்துக்குத் தெருப்பெயர் எதற்கு? 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த ஆய்வு 2006இல் புத்தகமாக வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீட்டுக்குள் போக மறுத்திருக்கிறார்கள். வாசல்படி தாண்டாதவர்கள் வயிற்றைத் தொடுவார்களா?

கருவி இல்லை என்ற சாக்கும் வேண்டாம். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது. அதில் குடல்வால் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அடுத்து சாயம் ஏற்றாத எம்.ஆர்.ஐ. இருக்கிறது. அதுவும் இல்லாத இடத்தில், உள்ளே படுக்க வைத்துச் சில மணிக்கொரு தரம் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் கர்ப்பிணியோடு துணைக்குப் போகிறவர்கள் ஒன்று கேட்கிறோம்: வலி தொடங்கிய நேரம், வயிற்றைத் தொட்டுப் பார்த்த நேரம், ஸ்கேனுக்கு அனுப்பிய நேரம், மூன்றையும் சீட்டில் எழுதுங்கள். போன மாசம் ஒருவர் என்னைப் பார்த்து, "நீ டாக்டருக்குப் படிச்சியா?" என்றார்.

"தமிழ் எம்.ஏ. சார். நீங்க எழுதுங்க, நான் படிச்சுக்கறேன்."

எழுதினார்.