யாரோ எழுதிய பயோடேட்டா



படிப்பை முடித்து, மலையிறங்கி வேலை தேடும் நாள் உங்களில் பலருக்கு வெகு தூரத்தில் இல்லை. நம் தந்தையர் காலத்தில் வேலை தேடுவதென்றால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து, தபால்காரரை எதிர்பார்த்திருப்பதுதான். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்தி ஊசித் தொழிற்சாலை, 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று மலையிலேயே பெயர் சொல்ல இடங்கள் இருந்தன. 'இந்து' பிலிம் செய்த அந்தத் தொழிற்சாலை இன்று மூடிக் கிடக்கிறது. நாம் கோவைக்கோ பெங்களூருக்கோ போகிறோம். நமக்கு முன்னே ஒரு தாள் போகிறது.

அந்தத் தாளை நாமே எழுதுவதில்லை என்பதுதான் என் குறை. பஸ் நிலையத்தருகே கணினி மையத்தில் ஒருவர், தயாராக வைத்திருக்கும் படிவத்தில் நம் பெயரை மட்டும் மாற்றித் தருகிறார். நானும் முப்பது ரூபாய் கொடுத்து அப்படித்தான் வாங்கினேன். கோவையில் ஒரு கம்பெனியில் அதைப் படித்த அதிகாரி, "டைனமிக் என்று போட்டிருக்கிறீர்களே, எந்த விதத்தில்?" என்று கேட்டார். எனக்கு அச்சொல்லின் பொருளே தெரியாது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'நீச்சல்' என்றிருந்தது. எனக்கு முன் வந்த பெண்ணுடையது போலும்! "குன்னூர்க் குளிரில் எங்கேம்மா நீந்துவீர்கள்?" என்று அவர் சிரித்தார். வேலை கிடைக்கவில்லை.

நீச்சல்கூடப் போகட்டும். தாயாரின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றிருந்தது. அதைக் கணினி மையத்துக்காரர் எழுதவில்லை; அவர் கேட்டபோது நான்தான் சொன்னேன். விடியுமுன் எழுந்து, முப்பது ஆண்டுகள் மழையிலும் பனியிலும் கொழுந்து கிள்ளிய தாயை அப்படி எழுதச் சொல்ல எனக்கு நாக்கு எப்படி வந்ததோ! முகவரியையும் மறைத்தேன். எஸ்டேட் லைன் வீடு என்று போடக் கூசி, டவுனிலிருக்கும் மாமா வீட்டைப் போட்டேன். இன்னொரு கம்பெனியின் அழைப்பு அங்கே போய், நான்கு நாள் கழித்து என் கைக்கு வந்தது. அந்த வாய்ப்பும் போயிற்று.

1963 முதல் குன்னூரில் தேயிலை ஏலம் நடப்பதை அறிவீர்கள். ஏலப் பட்டியலில் தோட்டத்தின் பெயர், ரகம், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்றுதான் இருக்கும். 'மிகச் சிறந்த தேயிலை' என்று யாரும் எழுதுவதில்லை. மாதிரியைச் சுவைத்துப் பார்த்தே விலை சொல்கிறார்கள். நம் பயோடேட்டாவில் மட்டும் ஏன் 'கடின உழைப்பாளி', 'நேர்மையானவர்' என்று வரி வரியாக?

அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்றும் எழுதியிருந்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து மாதந்தோறும் அம்மாவின் கொழுந்து எடையைக் குறித்து வைத்து, சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்த்தவள் நான். இரண்டு முறை பிழை கண்டு திருத்த வைத்திருக்கிறேன். கணக்குப் பிரிவு வேலைக்குப் போகிறவளுக்கு இதைவிட என்ன அனுபவம் வேண்டும்? உங்களில் ஒருத்தி ஞாயிறுதோறும் இருபது குழந்தைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறாள். இன்னொருத்தி தமிழ், படுகு, கன்னடம் மூன்றும் பேசுகிறாள். இவற்றை எண்ணோடும் ஆண்டோடும் எழுதுங்கள்.

எதை முதலில் எழுதுவது? ஓவியர் லியொனார்டோ டா வின்சி 1482-ஐ ஒட்டி மிலான் நகர ஆட்சியாளருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தில், பாலம் கட்டுவதையும் போர்க் கருவிகள் செய்வதையும் முதலில் சொல்லி, ஓவியத்தைக் கடைசியில்தான் வைத்தார். கேட்பவருக்குத் தேவையானது முன்னே வந்தது. பிற்பாடு அவருக்காகவே இறுதி இராவுணவை வரைந்தார் என்பது வேறு கதை.

எஸ்டேட் முகவரியைப் பார்த்தே ஒதுக்குகிற இடங்களும் உண்டு என்று தோழிகள் சொல்வார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தனியார் கம்பெனிக்குத் தாய் தந்தை தொழில், சாதி, மதம் எதையும் எழுத வேண்டிய கட்டாயமில்லை. விட்டுவிடலாம். எழுதினால் உள்ளதை எழுதவேண்டும்.

இன்னொன்று: மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் உங்கள் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா? எனக்கு இருக்கவில்லை, திருத்த மூன்று மாதம் அலைந்தேன். இந்த விடுமுறையிலேயே எடுத்துப் பாருங்கள்.