‘பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கியவன்

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். பின்னிரவு 2.40 மணி. தலைமாட்டில் கிடந்த கைப்பேசி அலறியது. பக்கத்தில் படுத்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமலேயே, “உங்க சர்வர்தான்” என்றார். எட்டு ஆண்டு இல்லறத்தில் அந்த மணியோசை அவருக்கும் பழகிவிட்டது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் சீனத் தோழரோ மலாய்த் தோழரோ ‘ஸ்டேண்ட்பை’ பணியை ஏற்றுக்கொள்வார். சீனப் புத்தாண்டுக்கு என் முறை. யாரும் எழுதி வைத்த விதியல்ல. “நீ போய்ட்டு வா, நான் பார்த்துக்கிறேன்” என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு, அவ்வளவுதான். அந்த வாக்கை நம்பித்தான் சீனத் தோழர் மனைவி பிள்ளைகளோடு ஈப்போவுக்குப் போயிருந்தார்.

கைப்பேசியில் வந்த செய்தி இதுதான்: ஒரு சர்வரின் வட்டு 80 விழுக்காடு நிரம்பிவிட்டது. எச்சரிக்கை.

மடிக்கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினேன். ‘இந்தச் சிக்கலை நான் அறிந்துகொண்டேன்’ என்று கண்காணிப்பு மென்பொருளுக்குச் சொல்லும் வரி அது. குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே சொல்: ‘பார்க்கிறேன்’. மணி அடங்கியது. 80 விழுக்காடுதானே, விடிந்ததும் பார்க்கலாம் என்று படுத்தேன்.

விடிந்தபோது என்ன நடந்திருந்தது என்பதைச் சொல்வதற்கு முன், அந்தக் கறுப்புத் திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இரவில் எழுந்து மடிக்கணினியோடு வரவேற்பறையில் உட்காரும் ஒரு மகனோ மருமகளோ இருக்கலாம். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ளலாமே.

கறுப்புத் திரை எதற்கு?

வண்ணப் படங்களும் பொத்தான்களும் உள்ள பக்கங்கள் இருக்கும்போது, எழுத்தைத் தட்டி வேலை வாங்கும் ‘கட்டளைவரி’ இன்னும் எதற்கு என்று இளையவர்கள் கேட்பதுண்டு. காரணம் எளிது. அதில் போய்வருவது வெறும் எழுத்து. கேமரன் மலையில், இணையம் ஒரு கோட்டில் ஊசலாடும் விடுதி அறையிலிருந்துகூட ஒரு சர்வருக்குள் நுழைந்துவிடலாம். அழகான பக்கம் திறக்க மறுக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் சிக்கலும் வரும்.

புதிதாக வேலைக்கு வருவோருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது நான்கைந்து கட்டளைகளைத்தான். ‘பிங்’, எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று கதவைத் தட்டுவது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் கருவி எழுப்பும் ஓசையைத்தான் பெயராக வைத்தார். ‘அப்டைம்’, சர்வர் எத்தனை நாளாக விழித்திருக்கிறது என்பதோடு, கடந்த 1, 5, 15 நிமிடங்களில் அதன் சராசரிச் சுமையையும் மூன்று எண்களில் சொல்லும். முதல் எண் பெரிதாகவும் கடைசி எண் சிறிதாகவும் இருந்தால் சுமை ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ‘டிஎஃப்’, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும். ‘ஃப்ரீ’, நினைவகத்தின் கணக்கு. ‘டெய்ல்’, பதிவேட்டுக் கோப்பின் வாலைப் பிடித்துக் கடைசி வரிகளைப் படிப்பது.

ஆனால் நூறு சர்வர்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போய் நலம் விசாரிக்க முடியாது. அதற்குத்தான் கண்காணிப்பு மென்பொருள். நாங்கள் பயன்படுத்துவது நாகியோஸ். ஈத்தன் கால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் 1999இல் ‘நெட்செயின்ட்’ என்ற பெயரில் வெளியிட்டு, பெயருரிமைச் சிக்கலால் 2002இல் நாகியோஸ் என்று மாற்றினார். 2009இல் அதிலிருந்து கிளைத்த இன்னொன்று இசிங்கா. தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் ‘தேடிப் பார்க்கிறது’ என்று பொருள்படும் சொல்.

இவை வேலை செய்யும் விதம் சாதாரணமானது. குறித்த இடைவெளியில் ஒரு சிறு நிரலை ஓட்டும். அது நான்கே பதில்களில் ஒன்றைத் தரும். 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் தெரியவில்லை. ஒருமுறை கோளாறு தெரிந்ததும் மணி அடித்துவிடாது. ஒருமுறை இருமினால் மருத்துவரிடம் ஓடுவதில்லையே, அதுபோல. எங்கள் அமைப்பில் அடுத்தடுத்து மூன்று முறை பார்த்து உறுதியானால்தான் அடிக்கும். அடித்த பிறகு, யாராவது பதில் சொல்லும்வரை விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பதிலைத்தான் நாங்கள் ‘அக்னாலெட்ஜ்’ என்கிறோம். தமிழில் ‘அறிந்தேன்’ என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு வரிக்குள் இருப்பது

நாகியோஸ் தன் செவியாக ஒரு சிறப்புக் கோப்பை வைத்திருக்கிறது. அதில் ஒரு வரியை எழுதினால் அது கேட்டுக்கொள்ளும். அந்த வரியில் அரைப்புள்ளியிட்டுப் பிரித்த பல கட்டங்கள் உண்டு. எந்த நேரம் (1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கையில்), எந்த சர்வர், எந்தச் சேவை, பிறகு மூன்று எண்கள், பிறகு சொல்பவரின் பெயர், கடைசியில் குறிப்பு.

அந்த மூன்று எண்களில் முதலாவதுதான் என்னைக் கவிழ்த்தது. அதற்கு 2 என்று கொடுத்தால் ‘அறிந்தேன்’ ஒட்டிக்கொள்ளும். சேவை முழுமையாகக் குணமாகும்வரை மணி அடிக்காது. நிலை மோசமாகி, எச்சரிக்கை ஆபத்தாக மாறினாலும் அடிக்காது. 1 என்று கொடுத்தால் நிலை மாறிய கணமே அது உதிர்ந்து, மணி மறுபடியும் அடிக்கும். இரண்டாம் எண், நீங்கள் ஏற்றுக்கொண்டதை மற்றவர்களுக்கும் அறிவிக்க வேண்டுமா என்பது. மூன்றாம் எண், மென்பொருளை நிறுத்தி மீண்டும் தொடங்கினாலும் உங்கள் குறிப்பு நிலைக்க வேண்டுமா என்பது.

எங்கள் குழுவில் இந்த நீண்ட வரியைத் தட்ட வேண்டியதில்லை. சர்வர் பெயரையும் சேவையின் பெயரையும் கொடுத்தால் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஒரு குறுங்கட்டளை உண்டு. எழுதியவன் நானேதான். முதல் எண்ணை 2 என்று நிரப்பி வைத்தவனும் நானேதான். தூக்கத்தில் தொல்லை குறையட்டும் என்ற நல்லெண்ணம்!

விடிந்தபோது

நான் தூங்கிக்கொண்டிருக்க, வட்டு 90ஐத் தாண்டி ஆபத்து நிலைக்குப் போனது. மணி அடிக்கவில்லை. ஏழு மணி வாக்கில் 100ஐத் தொட்டது. எழுத இடமில்லாமல் தரவுத்தளம் நின்றது. அதற்காவது தனியே மணி அடித்திருக்க வேண்டும். ஆனால், ‘வட்டு நிரம்பினால் அதைச் சார்ந்த சேவைகளுக்கெல்லாம் தனித்தனியாக அடிக்காதே’ என்று நாங்கள் முன்பே சொல்லி வைத்திருந்தோம். அதுவும் நல்லெண்ணம்தான்.

அந்த சர்வரை நம்பி இருந்தவை சில கிளினிக்குகள். நோயாளி பதிவும் மருந்துக் குறிப்பும் அதில்தான். விடுமுறை நாளிலும் திறந்திருந்த கிளினிக்குகள் என்பதால் காலையிலேயே கூட்டம். தாதியர் பெயர்களைத் தாளில் எழுதத் தொடங்கினார்கள். பெயரை எழுதிவிடலாம். முன்பு என்ன மருந்து கொடுத்தது, எந்த மருந்து ஒவ்வாது என்பதை எங்கிருந்து எடுப்பது? காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கி வந்தவர்களையும் முதியவர்களையும் உட்கார வைத்து ஒன்றொன்றாகக் கேட்டு எழுதினார்களாம்.

8.10க்குக் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது, அன்று இரண்டாம் நிலைப் பணியில் இருந்த மலாய்த் தோழருக்கு. அவர் உடனே கண்காணிப்புத் திரையைப் பார்த்தார். வட்டுச் சிக்கலுக்குப் பக்கத்தில் என் பெயர், கூடவே ‘பார்க்கிறேன்’. நிம்மதியாக, “எங்கள் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகுதான் என்னை அழைத்தார்.

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார்.

“எதுக்கு?” என்றேன், தூக்கக் கலக்கத்தில்.

கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: “நீதானே பார்க்கிறேன் என்று சொன்னாய்?”

பதற்றத்தில் இன்னொரு தவறும் செய்தேன். பெருத்துக் கிடந்த பதிவேட்டுக் கோப்பு ஒன்றை அழித்தேன். ‘டிஎஃப்’ தட்டினால் வட்டு அப்படியே 100 விழுக்காடு! லினக்ஸில் ஒரு கோப்பை ஏதாவது ஒரு நிரல் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், நாம் அழித்தாலும் பெயர்தான் மறையும். இடம் திரும்பாது. ‘எல்எஸ்ஓஎஃப்’ என்ற கட்டளையால் பிடித்துக்கொண்டிருந்த நிரலைக் கண்டுபிடித்து, அதை நிறுத்தித் தொடங்கிய பிறகே வட்டு மூச்சு விட்டது. அதன்பின் தரவுத்தளத்தை எழுப்பினேன். எல்லாம் சீரானபோது மணி 9.20.

இரவே எழுந்து உட்கார்ந்திருந்தால் பத்து நிமிட வேலை.

அதே கேள்வி, வேறொரு குரலில்

இதை நான் அலுவலகக் கதையாக மறந்திருப்பேன். அதே ஆண்டு ஜூன் மாதம் நடந்தது மறக்க விடவில்லை.

அம்மா தைப்பிங்கில் இருக்கிறார். பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு. நான் காஜாங்கில், தங்கை ஜோகூர் பாருவில், தம்பி சிங்கப்பூரில். எங்கள் நால்வருக்கும் ஒரு புலனக் குழு உண்டு. ஒரு நாள் அம்மா அதில் குரல்பதிவு அனுப்பினார். “இடது கால் சுண்டுவிரல்ல சின்னப் புண்ணுப்பா. ஆறவே மாட்டேங்குது.”

கூட்டத்தில் இருந்தேன். ‘சரிம்மா, பார்க்கிறேன்’ என்று தட்டிவிட்டுத் தொடர்ந்தேன். தம்பி ஒரு கட்டைவிரலை உயர்த்தினான். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் ஏற்றுக்கொண்டார், அவர் கூட்டிப் போய்விடுவார்.

ஒன்பது நாள். கால் வீங்கி, காய்ச்சல் வந்து, பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு அழைத்தபோதுதான் எனக்கு அந்தக் குரல்பதிவு நினைவுக்கு வந்தது. மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்தார். விரல் தப்பியது. “நீரிழிவுக்காரர்களுக்குக் காலில் புண் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது” என்றார் மருத்துவர். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

வராந்தாவில் தங்கை கேட்டாள்: “நீங்கதானே அண்ணா பார்க்கிறேன்னு சொன்னீங்க?”

அம்மாவிடம் கேட்டேன், ஏன் மறுபடி சொல்லவில்லை என்று. “நீதான் பார்க்கிறேன்னுட்டியே. வேலையா இருப்ப. தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன்” என்றார்.

என் ‘அறிந்தேன்’ தம்பியையும் தங்கையையும் மட்டும் அடக்கவில்லை. வலித்துக்கொண்டிருந்தவரையே அடக்கிவிட்டது.

இப்போது என்ன செய்கிறோம்?

அலுவலகத்தில் முதலில் அந்தக் குறுங்கட்டளையைத் திருத்தினேன். 2 இருந்த இடத்தில் 1. நிலை மோசமானால் மணி திரும்ப அடிக்கும். தூக்கம் கெடும். கெடட்டும். குறிப்பு ஒரே சொல்லாக இருந்தால் கட்டளை ஏற்காது. என்ன செய்யப் போகிறேன், எத்தனை மணிக்குள், அதற்குள் முடியாவிட்டால் யாரை எழுப்ப வேண்டும் என்று மூன்றும் எழுதியாக வேண்டும். இசிங்காவில் ‘அறிந்தேன்’ என்பதற்கே காலாவதி நேரம் வைக்கலாம். நேரம் முடிந்தும் சிக்கல் தீராவிட்டால் மணி மறுபடி அடிக்கும். உங்கள் நிறுவனத்தில் அது இருந்தால் அந்த வசதியைத் தவறாமல் பயன்படுத்துங்கள்.

இளம் பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னிரவில் எழுந்து பார்க்க உடம்பு இடங்கொடுக்கவில்லை என்றால் ‘அறிந்தேன்’ சொல்லாதீர்கள். மணி அடிக்கட்டும். அடுத்த ஆளாவது எழுவார். வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லிவிட்டுத் தூங்குவதுதான் தவறு.

இளையவர்களின் பெற்றோருக்கும் ஒன்று. நடு இரவில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால், “என்ன பெரிய வேலை, காலையில பார்க்கக் கூடாதா?” என்று கேட்காதீர்கள். ஒரு கோப்பை மைலோ கலந்து கொடுங்கள். எங்கோ ஒரு கிளினிக்கில் காலையில் யாரோ ஒரு முதியவர் காத்திருக்காமல் மருந்து வாங்குவார்.

போன வாரம் அம்மா குழுவில் எழுதினார், கண் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்று. நான் அனுப்பிய பதில் இது: “அம்மா, சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கண் கிளினிக்கில் நேரம் வாங்கிவிட்டேன். வெள்ளி இரவே வந்துவிடுவேன். அதற்குள் மங்கல் கூடினால் காத்திருக்காமல் எனக்குப் போன் செய்யுங்கள். தங்கச்சி, சனி மதியம் வரை என்னிடமிருந்து செய்தி வரவில்லை என்றால் நீ என்னைக் கூப்பிடு.”

தம்பி கட்டைவிரலை உயர்த்தினான். தங்கை எழுதினாள்: “சனி 1 மணிக்கு அலாரம் வெச்சிட்டேன்.”