படத்துல இருக்கிற பிள்ளைக்குக் கால் வெடிக்காதா?



நம்ம ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் காலண்டரில் ஒரு குழந்தை இருக்கும். வெண்ணெய்ப் பானையோடு கண்ணன் இருப்பார், இல்லாட்டி கொழுகொழு கன்னத்தோட ஒரு பாப்பா சிரிக்கும். பார்க்க அழகுதான். ஆனால் எல்லாப் பாப்பாவும் ஒரே மாதிரி இருக்கே, ஏன்?

இந்தப் படங்களுக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் ராஜா ரவிவர்மா. 1848-ல் கேரளத்தில் உள்ள கிளிமானூரில் பிறந்தவர். ஐரோப்பியர்களின் எண்ணெய் வண்ண முறையில் நம் நாட்டு மனிதர்களையும் தெய்வங்களையும் வரைந்தார். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அரண்மனையில் மட்டும் இருந்த படம் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தது. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவர் 1893-ல் வரைந்த ஒரு படத்தின் பெயர் 'அதோ அப்பா வருகிறார்'. அதில் இருக்கும் தாய் அவருடைய மகள் மகாபிரபா. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, அப்பா வருவதைக் கை நீட்டிக் காட்டுகிறார். பக்கத்தில் ஒரு நாய். குழந்தைக்கு மூக்கு ஒழுகலை. அம்மாவின் வெள்ளைத் துணியில் ஒரு கறை இல்லை.

நம்ம பக்கம் எப்படி? பெங்களூருக்கும் கேரளாவுக்கும் கட்டட வேலைக்குப் போன அப்பா பொங்கலுக்குத்தான் வருவார். அம்மா கரும்பு வெட்டவோ களை எடுக்கவோ போயிடுவாங்க. தம்பியை இடுப்புல தூக்கி வெச்சிருக்கிறது அக்கா. அந்த அக்காவும் குழந்தைதானே! அவளை யார் வரைஞ்சாங்க?

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரான்ஸ் நாட்டு ஓவியர் புகெரோ 1889-ல் மாடு மேய்க்கும் பெண்ணை வரைந்தார். குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறாள். காலில் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு முள் கீறல் இல்லை. மாடு ஓட்டிட்டுப் போறவங்களைக் கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க! அந்தப் படங்களை வாங்கியவர்கள் பணக்காரர்கள். வேலை செய்யும் குழந்தையும் அவர்கள் கூடத்தில் அழகாகத்தான் நிற்க வேண்டும்.

"கஷ்டத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே, அதைச் சுவத்துல வேற மாட்டணுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அழகான படத்தையே பார்த்துப் பழகினால், "சின்னப் பிள்ளைக்கு என்ன கவலை?" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணை "வீட்டைப் பார்த்துக்கட்டும்" என்று நிறுத்தினால், அவள் கவலை யார் கண்ணில் படும்?

கண்ணில் பட்டால் மாற்றம் வரும். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பவர் 1908 முதல் பஞ்சாலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்த குழந்தைகளை உள்ளபடியே போட்டோ எடுத்தார். பார்த்தவர்கள் பதறினார்கள். பலர் போராடி, 1938-ல் அந்த நாடு முழுமைக்கும் குழந்தைத் தொழிலுக்கு எதிரான சட்டம் வந்தது. அதில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு.

அதனால் என் கருத்து இதுதான். நவம்பர் 14 ஓவியப் போட்டியில் எல்லோரும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு ரோஜாப்பூ என்று வரைகிறோம். நம்ம கல்வராயன் மலை முக்கோணமாவா இருக்கு? இந்த வருஷம் ஆசிரியர்கள் 'நான் பார்த்த குழந்தை' என்று தலைப்புக் கொடுக்க வேண்டும். தண்ணிக் குடம் தூக்கும் அக்காவை வரைவோம். ஆடு மேய்க்கும் தம்பியை வரைவோம். அவர்கள் சிரித்தால் சிரிப்பையும் வரைவோம். காலில் வெடிப்பு இருந்தால் அதையும் விடாமல் வரைவோம். அதைப் பெற்றோர் கூட்டம் நடக்கும் அறையில் மாட்டுவோம்.

கிளியோபாட்ரா மூக்கு வேண்டாம், நம்ம மூக்கே போதும்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, ரிஷிவந்தியம்