ஏரித் தண்ணீர் எல்லோருக்கும்! ஓட்டு மட்டும் யாருக்கு?

காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய மாகறலீஸ்வரர் கோவில் உள்ள ஊர். இந்த வட்டாரத்து விவசாயம் ஆற்றையும் ஏரிகளையும் நம்பியே நடக்கிறது.

ஏரி ரொம்பினால் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கும். மதகு பழுதானால், கால்வாய் தூர்ந்தால், "இதுக்கு யாருப்பா பொறுப்பு?" என்ற கேள்வி கிளம்பும். பதில் சட்டத்தில் இருக்கிறது.

சங்கம் அமைவது எப்படி?

பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டத்தை ஆந்திரா 1997-ல் கொண்டு வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம் 2000-ம் ஆண்டுக்குரியது.

முதலில் எல்லை. இது கிராம எல்லை அல்ல. தண்ணீர் பாயும் எல்லை. ஒரே ஏரி இரண்டு ஊர் வயல்களுக்குப் பாய்ந்தால் இரண்டும் ஒரே வட்டாரம். அதை அரசு அறிவிக்கை மூலம் வெளியிட வேண்டும். பிறகு தொகுதி பிரித்து, ரகசிய ஓட்டில் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தண்ணீர்ப் பங்கீடு, கால்வாய் பராமரிப்பு, வரவு செலவுக் கணக்கு எல்லாம் இவர்கள் பொறுப்பு.

பணமும் இதில் உண்டு. 2017-ல் இதே மாவட்டத்து மணிமங்கலத்தில் 100 கோடி ரூபாய் குடிமராமத்துத் திட்டம் தொடங்கியபோது, வேலை பாசன சங்கங்கள் மூலம் என்றுதான் அரசு சொன்னது. செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பங்கு.

கணக்கு காட்டாதவருக்கு இடமில்லை

இதெல்லாம் புதுசு அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். 1,100 ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்திலேயே அங்கே ஏரி வாரியம் இருந்தது. குடவோலை மூலம் 6 பேர். பதவி 360 நாள். கணக்கு காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் உறவினரும் முடியாது!

ஆனால் அன்றும் சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவருக்கே இடம். இன்று வேதப் படிப்பு கேட்பதில்லை. நிலம் மட்டும் போகவில்லை. ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்தான் சங்க உறுப்பினர்.

கிணற்றுக்கு ஓட்டு கிடையாது

காஞ்சீபுரம் வட்டாரத்துப் பட்டு நெசவாளிக்கு வயல் இல்லை. ஆனால் குடிக்க, சாயம் தோய்க்கத் தண்ணீர் வேண்டும். ஏரி வற்றினால் கிணறும் கீழே போகும். கூலி ஆளுக்கும் கடைக்காரருக்கும் இதே கதிதான். சங்கத்தில் இவர்கள் குரலுக்கு இடம் இல்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1887-ல் வந்த சட்டம் வேறு வழியில் போனது. நிலக்காரர்கள் மனுப் போட வேண்டும். ஆனால் ஓட்டு அந்த வட்டாரத்து வாக்காளர் எல்லோருக்கும். மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தால்தான் பாசன மாவட்டம். நிலம் வைத்திருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1896-ல் சுப்ரீம் கோர்ட், "சட்டம் செல்லும்" என்று சொல்லிவிட்டது.

இங்கே நிலம் இல்லாதவருக்கு இருக்கிற ஒரே வாசல் கிராம சபை. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் அது கூடுகிறது. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடம்.

ஊர் ஏரி எந்தக் கணக்கில் இருக்கிறது, சங்கத் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, செலவுக் கணக்கு எங்கே? மூன்றையும் அங்கே எழுந்து நின்று கேட்கலாம். கேட்க நிலப் பட்டா தேவையில்லை.