பங்குக் கிணறும் ஒரு ஸ்கானரும்



எங்கள் வீட்டு முன் அறையில் மூன்று கணனிகளும் ஒரு ஸ்கானரும் இருக்கின்றன. மேசைக் கணனி என் பெறாமகள் உயர்தரம் படிப்பதற்காக வாங்கியது. ஒரு மடிக்கணனி என் மூத்த சகோதரியினுடையது. தையல் ஓடர்களின் கணக்கை அதில்தான் வைத்திருக்கிறார். மற்றது நான் வேலைக்குக் கொண்டு திரிவது. ஸ்கானர் மட்டும் ஒன்றே ஒன்று. அது எங்கள் மூவருக்கும் வேண்டும். எங்களைவிட, பின்னேரங்களில் படலையைத் திறந்துகொண்டு வருகிற பெண்களுக்கு அது கூடுதலாக வேண்டும்.

அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கொடுத்த கடிதம், காணி உறுதி எல்லாம் அதற்குள் இருக்கும். சிலருடையது, 2004 மார்கழி 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடிய பை. சிலருடையது, 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த பை. மடித்த இடங்களில் எழுத்து அழிந்துபோயிருக்கும். அலுவலகங்களுக்குக் கொடுக்க ஒவ்வொரு முறையும் மூலப் பிரதியை வெளியே எடுப்பதில் அவர்களுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானது.

கடதாசியின் பெறுமதி வல்வெட்டித்துறைக்குத் தெரியும். 1989 ஆகஸ்ட் 2 ஆம் திகதி தொடங்கி இந்திய அமைதிப்படை இங்கு நடத்திய கொலைகளில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். வீடுகளும் கடைகளும் எரிந்தன. அப்போது ஊரின் பிரஜைகள் குழு, உயிர் தப்பியவர்களிடம் சத்தியக்கடதாசிகளை வாங்கிச் சேர்த்தது. அந்த நாட்களைப் பற்றி இன்று பேசும்போது எடுத்துக் காட்ட எழுத்து இருக்கிறதென்றால், அந்த வேலையும் அதற்கு ஒரு காரணம்.

சரி, ஸ்கானருக்கு வருகிறேன். எங்களுடையது யூ.எஸ்.பி. வயரால் மேசைக் கணனியுடன் இணைக்கப்பட்டது. வீட்டில் ரவுட்டர் இருப்பதால் மூன்று கணனிகளும் ஒரே வலையமைப்பில்தான் இருக்கின்றன. பிரின்டரை மூவரும் பகிர்வதுபோல ஸ்கானரையும் பகிரலாம் என்று நினைத்தேன். ஆனால் விண்டோஸில் பிரின்டரைப் பகிர வசதி இருக்கிறது; யூ.எஸ்.பி. ஸ்கானரைப் பகிர அப்படி ஒரு வசதி இல்லை. நான் இரண்டு இரவு தேடிக் களைத்தேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. அச்சிடும்போது கணனி பக்கத்தை அனுப்பிவிட்டால் போதும், மிச்சத்தைப் பிரின்டர் பார்த்துக்கொள்ளும். ஸ்கான் செய்வது அப்படியல்ல. முதலில் முன்பார்வை எடுக்க வேண்டும், எந்த இடம் வேண்டுமென்று குறிக்க வேண்டும், பிறகு பெரிய அளவில் தரவு திரும்பி வரவேண்டும். ஏ4 தாள் ஒன்றை 300 டி.பி.ஐ. அளவில் வர்ணத்தில் எடுத்தால், சுருக்குவதற்கு முன் அது சுமார் 25 மெகாபைட். இந்தப் போக்குவரத்து முழுவதும் பக்கத்தில் வயரால் தொடுத்த ஒரு கணனியோடு நடக்கும் என்று எண்ணியே இத்தகைய ஸ்கானர்களின் மென்பொருளை எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே இலகுவான வழி ஒன்றைப் பிடித்தோம். மேசைக் கணனியில் 'ஸ்கான்' என்று ஒரு ஃபோல்டர் செய்து, அதை வலையமைப்பில் பகிர்ந்தோம். யாராவது ஒருவர் மேசைக் கணனியில் ஸ்கான் செய்து அதற்குள் போட்டால், மற்ற இருவரும் தங்கள் கணனியில் இருந்தே எடுத்துக்கொள்ளலாம். காசு செலவில்லை. பகிரும்போது 'யாருக்கு?' என்று விண்டோஸ் கேட்டது. 'எவ்ரிவன்' என்று கொடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்பதையும் நிறுத்திவிட்டேன். வீட்டுக்குள் என்ன பூட்டு என்று நினைத்தேன்.

அந்த நினைப்புத்தான் பிழை. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, வேறொருவர் கொடுத்தார். அவருடைய சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் எழுதுகிறேன்.

அந்த அக்காவின் கணவர் 2009 இல் காணாமற் போனவர். மகன் அப்போது கைக்குழந்தை. அக்கா மாமியாரோடுதான் இருக்கிறார். மாமிக்கு மகன் உயிரோடு இருக்கிறார். ஒவ்வொரு வெள்ளியும் அவர் பெயரில் விளக்கு வைப்பார். 2017 மாசி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டப் பந்தலுக்கும் பல தடவை போய் இருந்தவர்.

அக்காவுக்குச் சீதனமாக வந்த காணித்துண்டு ஒன்று இருக்கிறது. மகனின் படிப்புக்காக அதை ஈடுவைக்க நினைத்தார். எங்கள் தேசவழமையில், 1911 ஆம் ஆண்டின் சட்டப்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவனே இல்லாதபோது யாரிடம் கையெழுத்து வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வழி உண்டு. ஆனால் அதை அந்த நேரத்தில் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. காணாமற் போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய இடமளிக்கும் 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அவர் கணவனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தார். மாமிக்குத் தெரியாமல் எடுத்தார். இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்தார். ஒரு நாள் பின்னேரம் ஸ்கான் செய்ய என்னிடம் கொண்டு வந்தார். நான் செய்து, 'ஸ்கான்' ஃபோல்டருக்குள் போட்டு, அவருக்குப் பென் டிரைவில் கொடுத்தேன். ஃபோல்டரில் இருந்ததை அழிக்க மறந்துபோனேன்.

இரண்டு கிழமை கழித்து, பெறாமகளின் சிநேகிதி தன் மடிக்கணனியோடு படிக்க வந்தாள். பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள்களை எடுக்க வலையமைப்பைத் திறந்தவளுக்கு எங்கள் ஃபோல்டரும் திறந்தது. சான்றிதழ்கள் சிறு படங்களாக வரிசையில் தெரிந்தன. ஒன்றில் அவளுக்குத் தெரிந்த பெயர் இருந்தது. காணாமற் போனவர் அவளுடைய தாயின் சகோதரன். பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்ட கேள்வி இவ்வளவுதான்: "அம்மா, மாமா செத்திட்டாரே?"

அன்றிரவே மாமிக்குச் செய்தி போய்விட்டது. "என்ரை பிள்ளையைச் சாகடிச்சுக் கடதாசி எடுத்திட்டியே" என்று கேட்டவர், அதன் பிறகு பல நாள் அக்காவின் கையால் சாப்பிடவில்லை.

நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா சத்தம் போடவில்லை. "தங்கச்சி, அவர் செத்திட்டார் எண்டு நம்பி நான் அதை எடுக்கேல்லை. காணிக்காக எடுத்தனான். அதை மாமிக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான் பூட்டி வைச்சிருந்தனான். என்ரை பெட்டிக்குப் பூட்டு இருந்தது. உங்கட வீட்டிலைதான் திறந்து கிடந்தது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிள்ளையிலும் பிழை இல்லை. அவள் எதையும் உடைத்துத் திறக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தவள் நான்.

அதற்குப் பிறகு வீட்டில் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ சங்கத்திலோ முன்பள்ளியிலோ ஒன்றுக்கு மேற்பட்ட கணனி இருந்தால் உதவும்.

பொது ஃபோல்டரை எடுத்துவிட்டோம். மூவருக்கும் மேசைக் கணனியில் தனித்தனிப் பெயரும் பாஸ்வேர்டும் செய்து, ஆளுக்கொரு ஃபோல்டர் வைத்தோம். பகிரும்போது 'எவ்ரிவன்' என்பதை நீக்கி, உரியவரின் பெயரை மட்டும் சேர்த்தோம். பாஸ்வேர்ட் கேட்கும் வசதியைத் திரும்பவும் போட்டோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ரவுட்டரில் விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்தோம். அதில் இணைபவர்களுக்கு இணையம் கிடைக்கும், எங்கள் கணனிகள் தெரியா.

புதிதாக வாங்குவோர், வலையமைப்பில் தானாகவே இணையக்கூடிய ஸ்கானர் சேர்ந்த பிரின்டரை வாங்குவது நல்லது. அது ஒரு கணனியில் தங்கியிருக்காது. ரவுட்டர் அதற்கென்று ஒரு முகவரி கொடுக்கும். எல்லாக் கணனியும் நேரே அதோடு பேசும். மின்சாரம் நின்று வந்தால் சிலவேளை அந்த முகவரி மாறிவிடும், 'ஸ்கானரைக் காணவில்லை' என்று கணனி சொல்லும். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. ரவுட்டரின் அமைப்பில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் தொல்லை இல்லை.

பழைய யூ.எஸ்.பி. ஸ்கானர்தான் இருக்கிறது, பழைய கணனி ஒன்றும் சும்மா கிடக்கிறது என்றால், அதில் லினக்ஸ் போடலாம். 'சேன்' என்ற இலவச மென்பொருள் ஸ்கானரை வலையமைப்புக்குத் திறந்து கொடுக்கும். எந்தெந்தக் கணனிகளை அனுமதிப்பது என்று ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். எழுதாத கணனிக்கு அது பதில் சொல்லாது. எல்லா ஸ்கானருக்கும் இது பொருந்தாது, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்களிடம் வரும் பெண்களின் கடதாசிகளை இப்போது வலையமைப்பில் விடுவதே இல்லை. என் மடிக்கணனியை ஸ்கானருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வயரைக் கழற்றி அதில் நேரே செருகுகிறேன். உரியவர் பக்கத்தில் இருப்பார். அவருடைய பென் டிரைவில் போட்டு, திறந்து காட்டி, என் கணனியில் இருப்பதை அவர் கண் முன்னாலேயே அழிக்கிறேன். குப்பைக் கூடையையும் வெறுமையாக்குகிறேன். கண்ணாடி மூடியைத் தூக்கிப் பார்க்காமல் ஒருவரையும் அனுப்புவதில்லை; கூடுதலானோர் மறந்துவிட்டுப் போவது அந்தக் கண்ணாடியில்தான். மூன்று நிமிடம் கூடச் செல்லும். செல்லட்டும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் வரும் 'பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்' என்ற சொற்களை வாசித்திருக்கிறேன். கிணறு பலருக்குப் பொது. ஆனால் யாருக்கு எத்தனை பங்கு, எந்த நாள் யாருடைய முறை, எந்த வழியால் போவது என்பதெல்லாம் வரையறுத்திருக்கும். அந்தக் கணக்குக் குழம்பின இடத்தில்தான் வழக்கு வந்தது. நான் கிணற்றைப் பொதுவாக்கினேன். பங்கையும் வழியையும் எழுத மறந்தேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடதாசியை ஸ்கான் செய்யக் கொடுக்கும்போது, அது கடையாக இருந்தாலும், தெரிந்த வீடாக இருந்தாலும், எங்களைப் போன்ற சமூக சேவையாளராக இருந்தாலும், "என்ரை பிரதி உங்கட கணனியிலை இருக்குதா? அழிச்சுப்போடுவியளா?" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை. அத்துடன், காணாமற் போன கணவனின் காணி அலுவல் என்றாலும், உங்கள் சொந்தக் காணி அலுவல் என்றாலும், மரணச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்று முடிவெடுக்க முன் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். ஆளைக் காணவில்லை என்பதற்கே சான்றிதழ் பெற 2016 இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. எது உங்கள் அலுவலுக்குப் பொருந்தும் என்று அவர்கள் சொல்வார்கள்.

அந்த அக்கா நான்கு மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. போன மாதம் மகனின் புலமைப்பரிசில் விண்ணப்பத்தோடு வந்தார். நான் ஸ்கான் செய்து முடிக்கும்வரை கதிரையில் இருக்காமல் பக்கத்திலேயே நின்றார். அழித்ததைக் காட்டினேன். "திரும்ப ஒருக்காத் திறந்து காட்டுங்கோ தங்கச்சி" என்றார். காட்டினேன். மாமி இப்போது அவர் கையால் சாப்பிடுகிறாராம். விளக்கு வைப்பதையும் விடவில்லையாம். அந்தச் சான்றிதழைப் பற்றி இருவரும் இன்னும் கதைக்கவில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.